கிபியோன்காரனுக்குக் கொடுத்த வாக்கு

மச்சான்,

இன்று காலை சமையலறை அலுமாரியை ஒதுக்கும்போது பின்மூலையில் ஒரு பாண் கிடந்தது. பச்சையும் சாம்பலுமாய்ப் பூசணம் பூத்து, தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்குக் காய்ந்து கிடந்தது. மலிவு விற்பனையில் மூன்று பாண் வாங்கி வந்து, இரண்டைத் தின்று, ஒன்றை மறந்தவன் நீ கொண்டுவந்து வைத்த அந்தப் பெடியன்தான் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பூசணம் பிடித்த பாணைக் கண்டால் மற்றவர்களுக்கு வயிற்றைக் குமட்டும். எனக்கு உன்மேல் கோபம் வருகிறது. போய்ச் சேர்ந்தவர்மேல் கோபப்படக்கூடாது என்று ராணி சொல்கிறாள். போய்ச் சேர்ந்தவர் தன்னுடைய வேலையைத் தானே முடித்துவிட்டுப் போயிருந்தால் நான் ஏன் கோபப்படப் போகிறேன்?

நாளை எட்டு மணிக்கு லொறி வருகிறது. ஸ்காபரோவில் வீடு வாங்கியிருக்கிறோம். நீ பார்க்காத வீடு. ராணி, நான், பிள்ளை மூன்று பேரும் போகிறோம். உன்னுடைய கிபியோன்காரனைக் கூட்டிக்கொண்டு போவதா, இங்கேயே விட்டுவிட்டுப் போவதா என்று இன்றைக்குள் நான் முடிவு செய்யவேண்டும். அவன் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால்கூட ஓமென்றோ இல்லையென்றோ சொல்லித் தொலைக்கலாம். கேளாமல், பீங்கான்களைப் பழைய பேப்பரில் சுற்றிச் சுற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறான். இந்த வம்பை என் தலையில் கட்டிவிட்டு, நீ போன தை மாதக் குளிரில் பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாய். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நாம் இருவரும் சென் ஜேம்ஸ் ரவுணில் இந்தப் பதினோராம் மாடிக்கு வந்தபோது ரொறன்ரோவில் தமிழ் முகத்தைக் காண்பதே அரிது. ஸ்ட்ரீட்காரில் ஒருவரைக் கண்டால் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டியும் கதைத்துக்கொண்டு போன காலம். உனக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் வேலை; எனக்கு ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. நீ வேதக்காரன், நான் சைவக்காரன். வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறி சமைப்பேன், நீ அதே மேசையில் வேதப் புத்தகத்தை விரிப்பாய். எந்தப் பக்கத்தை விரித்தாலும் கடைசியில் யோசுவாவில் வந்து நிற்பாய். கத்தரிக்காய் விலையைப் பற்றிக் கதை தொடங்கினாலும் அங்கேதான் முடியும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "மற்ற வேதக்காரர் எல்லாம் மோசே, தாவீது எண்டு பெரிய ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். உனக்கு மட்டும் ஏன்ரா உந்த ரெண்டாம் ஆள்?"

"ரெண்டாம் ஆள் எண்டபடியால்தான் மச்சான்," என்றாய். "அரைவாசிச் சீவியம் மோசேக்குப் பின்னாலை நிண்ட மனுசன். கூடாரத்தைக் காவல் காத்தே வயசு போட்டுது. மோசே செத்த உடனை, இவ்வளவு சனத்தையும் நீ கொண்டுபோ எண்டால் எப்பிடி இருக்கும்? பயப்பிடாதை, பயப்பிடாதை எண்டு கடவுள் திரும்பத் திரும்பச் சொல்லுறார். ஒருத்தனுக்கு அதை அத்தனை தரம் சொல்ல வேணுமெண்டால், அவன் எவ்வளவு பயந்தவனா இருந்திருப்பான் எண்டு யோசி."

நீ ஏன் அவரைப் பிடித்துக்கொண்டாய் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நாய் ஒன்று எதிரே வந்தால் வீதியின் மறுபக்கம் போகிறவன் நீ. லிஃப்டில் நாலு பேர் ஏறினால் அடுத்த லிஃப்டுக்கு நிற்பாய். ஆனால் உன் யோசுவாவை நான் சும்மா விடவில்லை. யோசுவா பிடித்த எரிகோ நகரத்தின் மதில் விழுந்ததைச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தபோது, மதில் விழுந்த பிறகு உள்ளே இருந்த பிள்ளைகுட்டிகளை என்ன செய்தார் என்று கேட்டேன். உன் முகம் வாடிப்போயிற்று. "அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை மச்சான்," என்றாய். மழுப்பாமல் அப்படிச் சொன்னாயே, அதற்காகவே அதற்குப் பிறகும் உன் யோசுவாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ அடிக்கடி சொல்லும் மற்றொன்று, நாடு முழுவதையும் கோத்திரம் கோத்திரமாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் கிடைத்த பிறகு கடைசியாகத்தான் யோசுவா தனக்கென்று மலைப்பக்கத்தில் ஓர் ஊரைக் கேட்டார் என்பது. சொல்வதோடு நின்றிருந்தால் நல்லது. கோழிக்கறியில் கழுத்துத் துண்டுக்கு நிற்பாய். குளிப்பதற்கு வெந்நீர் முடிந்த பிறகு போவாய். மலைப்பக்கத்துப் பங்கு வாங்கும் ஆளோடு ஒரு வீட்டில் குடியிருப்பது எவ்வளவு சிரமம் என்று உன்னுடைய வேதத்தில் எழுதியிருக்கிறதா?

சரி, கிபியோன்காரனுக்கு வருகிறேன். எழுபத்துநாலாம் ஆண்டு, இலை கொட்டி முடிகிற நேரம். தெற்கே அந்த உயரக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு தட்டுகிற சத்தம். திறந்தால், முழங்கையில் கிழிந்த கோட்டோடு ஒரு பெடியன். காலில் மழைக்காலத்துச் சப்பாத்து. நேற்றுத்தான் பிளேனால் இறங்கினானாம். கூட்டிக்கொண்டு போக வருகிறேன் என்றவர் வரவில்லையாம். தபால்பெட்டியில் எங்கள் பெயர்களைப் பார்த்துவிட்டு வந்தானாம்.

நம்முடைய ஆட்கள் செய்கிற வேலையை நாமும் செய்தோம். எந்த ஊர், ஊரில் எவடம், கோயிலுக்கு வடக்கோ தெற்கோ, ஆருடைய மகன், எந்தப் பள்ளிக்கூடம், அந்தக் கணக்கு வாத்தியார் இன்னும் அடிக்கிறாரோ என்று விசாரணை செய்து முடித்தோம். எல்லாவற்றுக்கும் பிழையில்லாமல் மறுமொழி சொன்னான். அவனுடைய பெரியம்மாவின் மருமகன் உனக்குத் தெரிந்தவர் என்பதுகூட வெளிவந்தது. அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? தேத்தண்ணி ஊற்றினோம். அவன் பாதித் தேத்தண்ணி குடிப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய், "நீர் சொந்தக் காலிலை நிக்குமட்டும் இது உம்மடை வீடு." என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? வாடகையில் பாதி நான் கட்டுகிற வீடு!

உன்னுடைய சிறிய அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டு நீ வரவேற்பறைச் சோபாவுக்கு வந்தாய். ஒரு கிழமைதான் போயிருக்கும். அவனோடு பார்லிமென்ட் வீதியில் மீன் வாங்கப் போனேன். கடைக்காரர், வயதான போர்த்துக்கீசர், அவனைக் கண்டதும் கை இரண்டையும் விரித்துக்கொண்டு வந்தார். எங்கே இவ்வளவு நாளாய்க் காணவில்லை, பக்கத்துக் கட்டடத்தில் உன்னோடிருந்த பெடியன்கள் வந்து போகிறார்கள், நீ மட்டும் வருவதில்லை, இரண்டு வருஷ வாடிக்கையை இப்படியா மறப்பது என்று கேட்டார். நான் மீனைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தேன். அவன் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் இரண்டு வருஷமாய் இங்கேதான், நம் பல்கனியிலிருந்து பார்த்தால் தெரிகிற கட்டடத்தில் இருந்திருக்கிறான். வேலை ஒன்றும் நிலைக்கவில்லை. கூட இருந்தவர்கள் போகச் சொல்லிவிட்டார்கள். அவனுடைய பாட்டன் ஆர் என்பதுவரை விசாரித்த நாம், அன்று காலை எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு இழுத்து வந்து உன் முன்னால் நிறுத்தினேன். அழுவான் என்று நினைத்தேன். அவன் என்னையே திருப்பிக் கேட்டான்.

"வந்து ரெண்டு வருசம், கையிலை ஒண்டுமில்லை எண்டு சொல்லியிருந்தால் கதவைத் திறந்திருப்பியளோ அண்ணை? புதுசா வந்தவன் எண்டால்தான் எங்கடை சனம் உள்ளுக்கு விடும்."

நீயோ சிரிக்கத் தொடங்கிவிட்டாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தாய். "கிபியோன்காரன்! மச்சான், இவன் கிபியோன்காரன்!" என்றாய். எனக்கு ஒன்றும் விளங்காததால் அந்தக் கதையையும் கேட்கவேண்டியதாயிற்று. கிபியோன் ஊரார், சுற்றுவட்டார ஊர்களையெல்லாம் அழித்துக்கொண்டு வந்த யோசுவாவுக்குப் பயந்து, வெகு தூரத்திலிருந்து வருகிறவர்கள்போல வேஷம் போட்டு வந்தார்களாம். கிழிந்த சாக்கு, தைத்த செருப்பு, பூசணம் பிடித்த அப்பம். புறப்படும்போது சுடச்சுட எடுத்துவந்த அப்பம் வழியிலேயே இப்படியாகிவிட்டது என்றார்களாம். யோசுவா அப்பத்தைப் பார்த்தார், கடவுளைக் கேட்கவில்லை. உங்களைக் கொல்லமாட்டோம் என்று சத்தியம் பண்ணிக்கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் பார்த்தால் அவர்கள் பக்கத்து ஊர்.

"சரி, பொய் எண்டு தெரிஞ்ச உடனை அடிச்சுக் கலைச்சாரோ இல்லையோ?"

"இல்லை மச்சான். சனமெல்லாம் முறுமுறுத்தது. யோசுவா வாக்கை விடேல்லை. விறகு வெட்டவும் தண்ணி அள்ளவும் வைச்சிருந்தார்."

"அவர் வைச்சிருக்கட்டும். அவருக்கு ஒரு நாடு இருந்தது. எங்களுக்கு ரெண்டு அறை!"

உனக்கு நன்றாகத் தெரியும் ஏன் நான் அப்படிக் குதித்தேன் என்று. பங்குனியில் ராணி வருவதாக இருந்தது. கல்யாணம் கட்டிப் பத்து நாளில் விட்டுவிட்டு வந்த பெண். வீட்டில் நானும் தம்பி போன்ற ஒரு சிநேகிதனும் மட்டும் என்று அவளுடைய தகப்பனாருக்கு எழுதியிருந்தேன். வந்து பார்த்தால் வரவேற்பறையில் ஒருவன் படுத்திருப்பான், சிறிய அறையில் யாரென்று தெரியாத இன்னொருவன் படுத்திருப்பான். "ராணி வாறதுக்கு முன்னம் உவனை அனுப்பு," என்றேன். கெஞ்சியும் சொன்னேன், கத்தியும் சொன்னேன். நீ சோபாவில் காலை மடக்கிக்கொண்டு ஒரே மறுமொழி சொன்னாய்: "வாக்குக் குடுத்திட்டன்." பொய் சொல்லி வாங்கின வாக்கு செல்லாது என்றேன். "அவன் சொன்னது பொய். நான் சொன்னது பொய்யில்லையே," என்றாய். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கிபியோன்காரன் சுரங்க ரயில் நிலையத்தருகில் ஒரு டோனட் கடையிலிருந்து போன் பண்ணினான். வெளியே நாலைந்து பெடியன்கள் நிற்கிறார்களாம், ரயிலிலேயே இவனை இழுத்துத் தள்ளினார்களாம், வெளியே வந்தால் அடிப்போம் என்கிறார்களாம். அந்த நாட்களில் நம் நிறத்து ஆட்களுக்கு அது புதினமில்லை. பொய் சொல்லித் தப்பத் தெரிந்தவன்தானே, இதற்கும் ஒன்று சொல்லித் தப்பட்டும் என்றேன். நீ ஏற்கெனவே சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தாய். நாய்க்குப் பயந்தவன்! சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமலே வெளிக்கிட்டாய். உன்னைத் திட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தேன்.

நீ அந்தப் பெடியன்களுக்கு நடுவால் குனிந்த தலையோடு நடந்து கடைக்குள் போய், அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அதே வழியால் திரும்பி வந்தாய். ஒருவன் துப்பினான். மற்றவன் உன் முகத்தில் குத்தினான்; கண்ணாடி பனியில் விழுந்து நொறுங்கியது. நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது, அதனால் விட்டார்கள். நீ அவனுடைய கையை விடவில்லை. மூக்கால் இரத்தம் ஒழுகுகிறது, கண் தெரியாமல் என்மேல் இடித்துக்கொண்டு நடக்கிறாய், அந்த நேரத்தில்கூட உனக்கு யோசுவா.

"மச்சான், சூரியனை நில் எண்டு யோசுவா சொன்ன கதை உனக்குத் தெரியுமெல்லே? அது ஆருக்காக நடந்த சண்டை எண்டு தெரியுமே? கிபியோனை அஞ்சு ராசாக்கள் வளைச்சுப்போட்டினம். எங்களைக் கைவிடாதையுங்கோ எண்டு ஆளனுப்பினாங்கள். பொய்யனுகள் செத்துத் தொலையட்டும் எண்டு இருந்திருக்கலாம். ராமுழுக்க நடந்து போனார். சண்டை முடியுமட்டும் சூரியன் நிண்டது அந்தப் பொய்யனுகளுக்காக மச்சான்."

"வாயை மூடிக்கொண்டு மூக்கைப் பிடி," என்றேன். அன்றைக்கு உன் சூரியன் எங்களுக்காக ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் வழுக்கி வழுக்கித்தான் வீடு வந்தோம்.

ராணி வந்தாள். முதல் மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு, என்ன மாயம் செய்தாயோ, உன் பக்கம் சேர்ந்துவிட்டாள். அவள் லீக்ஸ் வெட்ட, நீ வெங்காயம் உரித்துக்கொண்டு யோசுவா கதை சொல்வாய். யோசுவா செத்து எத்தனையோ தலைமுறை போன பிறகு, சவுல் என்ற அரசன் அந்தப் பழைய வாக்கை மதியாமல் கிபியோன்காரரைக் கொன்றானாம். அதன் பலன் அடுத்த அரசன் காலத்தில் நாடெல்லாம் பஞ்சமாக வந்ததாம். "பாவம், வாக்குக் குடுத்தவர் எப்பவோ செத்திட்டாரே அண்ணை," என்று ராணி சொன்னாள். "அவர் செத்தாலும் வாக்குச் சாகேல்லை, தங்கச்சி," என்றாய். நான் பேப்பர் படிப்பதுபோல இருந்தேன். அந்தக் கதையை நீ வேண்டுமென்றேதான் எனக்குக் கேட்கும்படி சொன்னாய் என்று இன்றைக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கிபியோன்காரன் திருந்தினானா என்றால் அதுவும் இல்லை. வேலைக்குப் போவான், மூன்று மாதத்தில் மேலாளரோடு சண்டை பிடிப்பான். குப்பை கொண்டுபோய்ப் போட்டேன் என்பான். குப்பை பல்கனியில் இருக்கும். உன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். தேவாலயத்தில் எல்லாரையும்விடப் பெரிய சத்தம் வைத்து அழுதான். எனக்கு அழுகை வருகிற நேரத்தில் அவனைப் பிடித்து இருத்தவேண்டியிருந்தது. உனக்காக ஒழுங்காய் அழக்கூட அவன் என்னை விடவில்லை. நீ இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை, மச்சான். அதைச் சொல்லவும் இங்கே ஆளில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் வந்து கதவருகில் நின்றான். கையெல்லாம் பேப்பர் மை.

"அண்ணை, நான் ஒரு இடம் பாத்திட்டன். மார்க்கத்திலை தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் வீடு எடுத்திருக்கிறான். நாளைக்கே வரச் சொல்லிப்போட்டான். நீங்கள் என்னைப் பற்றி யோசியாதையுங்கோ."

ரொறன்ரோவுக்கு வடக்கே கிடக்கிற மார்க்கத்தில் கார் இல்லாமல் ஒரு பாண் வாங்க முடியாது. இவனுக்குக் கார் இல்லை, அப்படி ஒரு பெடியனும் இல்லை. ஐந்து வருஷம் இவனுடைய பொய்களோடு குடித்தனம் நடத்தியவன் நான், எனக்குத் தெரியாதா? உள்ளே வருவதற்குப் பொய் சொன்னவன் இப்போது வெளியே போவதற்குப் பொய் சொல்கிறான். எனக்கு மிக வசதியான பொய். நம்பினேன் என்று சொன்னால் போதும், யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். பின்னால் ராணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னையே பார்த்தாள்.

எனக்கு யோசுவா யாருமில்லை. உன் கடவுளுக்கும் நான் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீ உன் வாழ்நாளில் சொன்ன ஒரு வார்த்தையும் பொய்யானதை நான் கண்டதில்லை. அதை நான் பொய்யாக்கினால், திரும்பி வந்து அதைச் சரிப்படுத்த உனக்கு இனி வழியில்லை.

"எட்டு மணிக்கு லொறி," என்றேன். "உன்ரை சாமானையும் கட்டு."

கையிலிருந்த மையைக் காற்சட்டையில் துடைத்தான். கண் கலங்கியதுபோலத் தெரிந்தது. பிறகு கேட்டான், "எனக்கு எந்த அறை அண்ணை?"

"பேஸ்மென்ட்."

"அங்கை குளிராயிருக்குமே?"

கேட்டாயா, மச்சான்? நீ இருந்திருந்தால் மேலறையை அவனுக்குக் கொடுத்துவிட்டு நீ போய்க் கீழே படுத்திருப்பாய். அவ்வளவு தூரத்துக்கு என்னால் வர முடியாது. உன் வாக்கை மட்டும் கொண்டுபோகிறேன்; அதுவே எனக்குப் பெரிய பாரம். அவன் கீழேதான் படுப்பான்.